உலைமூடியைச் சுற்றி எழுதிய பெயர்கள்

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய நீளக் கவர் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் வழக்கம்போல மைதீன் அண்ணாச்சியின் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "தங்கச்சி, மவன் ஆபீஸ் முத்திரை போட்டு வந்திருக்கு. நல்ல சேதின்னா நீ டீ வாங்கித் தரணும், கெட்ட சேதின்னா நான் தாரேன்" என்று சொல்லித்தான் அண்ணாச்சி அதை என் கையில் கொடுத்தார். கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து பிரித்துப் படித்தேன். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தார்.

உள்ளே இரண்டு காகிதம். ஒன்று டைப் அடித்தது. 'கோரைத்திட்டு ஆற்றுப் புறம்போக்கில் தற்காலிகமாகக் குடிசை போட்டிருக்கும் நான், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இடத்தைக் காலி செய்து தரச் சம்மதிக்கிறேன்' என்று இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அது உன் கை என்று எனக்குத் தெரியாதா? இன்னொன்று நீ எழுதிய கடிதம். மருமகள் நலம், மாடியில் எனக்கென்று ஒரு அறை ஒழித்து வைத்தாயிற்று, சரக்குக் கிட்டங்கி கட்ட இந்த இடத்தைக் கேட்கிறார்கள், எப்படியும் எடுத்துக்கொள்ளத்தான் போகிறார்கள் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் எழுதியிருந்தாய்: 'நீ முதல்ல போட்டாத்தாம்மா மத்தவங்க போடுவாங்க. பெரிய சார் உன் பேரைச் சொல்லித்தான் என்கிட்ட கேட்டார்.'

மகனே, நான் போட மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதம் நீளமாக இருக்கிறதே, நடுவில் எங்காவது அம்மா இளகிவிடுவாள் என்று நம்பிக்கொண்டு நீ படிக்க வேண்டாம். ஆனால் ஏன் போட மாட்டேன் என்று சொல்வதற்கு, இத்தனை வருஷம் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் அப்பா முதுகுவலியால் துறைமுக வேலையை விடவில்லை. அந்த வேலை போனதற்குக் காரணம் நான்.

நீ பிறப்பதற்கு நாலு வருஷத்துக்கு முன்னால் இந்தத் திட்டில் கோரைப்புல்லும் உடைமரமும் நண்டு வளையும்தான் இருந்தன. எங்கள் ஊர் ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே. வாய்க்காலின் கடைமடையில் எங்கள் வயல். ஆற்றுத் தண்ணீர் மேல்மடைக்காரர் வயல் நிறைந்து, நடுமடைக்காரர் வயல் நிறைந்து, மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று ஒரு பட்டியல் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டுவார்கள். அதில் என் அப்பா பெயர் எப்போதும் கடைசி. நான் எட்டாவது வரை படித்தவள் என்பதால் பட்டியலை வாசித்துவர என்னைத்தான் அனுப்புவார்கள். நான் அதை மேலிருந்து வாசிக்கவே மாட்டேன். கீழிருந்துதான் வாசிப்பேன். அப்படியாவது எங்கள் பெயர் முதலில் வரட்டுமே என்று ஒரு வீம்பு.

மூன்று வருஷம் தொடர்ந்து பயிர் கருகியது. கல்யாணமான ஆறாம் மாதம் நானும் உன் அப்பாவும் ஆற்றங்கரையோடு கீழே நடந்து வந்தோம். புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. முத்தையாபுரத்துக்குத் தெற்கே, ஆற்றின் ஒரு கிளை உப்புத் தண்ணீரில் போய் விழுகிற இந்த மேட்டில் ஏற்கனவே ஏழு குடிசை இருந்தது. காலையில் கல் லாரி வந்து ஆண்களை ஏற்றிக்கொண்டு போகும். எட்டாவது குடிசை எங்களுடையது. குடிசை போட்ட அன்றைக்கே உன் அப்பா குடிதண்ணீருக்கென்று குழி தோண்ட ஆரம்பித்தார். பக்கத்துக் குடிசையிலிருந்து ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணே, அங்கன தோண்டுனா உப்புத்தான் வரும். கடல் வத்துத நேரம் பாத்து ஆத்து மணல்ல கையால பறிங்க. ரெண்டு குடம் நல்ல தண்ணி கிடைக்கும். மூணாவது குடத்துக்கு ஆசப்பட்டா அதுவும் உப்பாயிரும்."

அவள்தான் ரோசம்மாள். இன்றைக்கு நீ பெரியம்மா என்று கூப்பிடுகிற ரோசம்மாள். வேம்பாரிலிருந்து வந்தவள். அவள் புருஷன் முத்துக்குளிக்கிறவர். முத்துக்குளி நின்றுபோனதும், கடலுக்கு அடியில் பிழைத்த மனுஷர் கரையில் கல் சுமக்க வந்துவிட்டார். நாங்கள் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள், அவள் மாதாவை. ஆனால் இரண்டு குடம் தண்ணீருக்கு முன்னால் அதையெல்லாம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஊர் என்பது இப்படித்தான் உண்டாகிறது மகனே. யாரோ பட்டா கொடுத்து உண்டாவதில்லை. எங்கே தோண்டக் கூடாது என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்வதில் உண்டாகிறது.

அடுத்த வருஷம் ஆற்றுக்கு மேலேயிருந்து வேலைத்தளத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோக இரும்புக் குழாய் போட்டார்கள். அது எங்கள் குடிசைகளை உரசிக்கொண்டு போயிற்று. குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். நாங்கள் அதன் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மணல் பறிக்கப் போவோம். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் குழாயில் எங்களுக்கும் திறந்து பிடிக்க ஒரே ஒரு அடைப்பான் வைத்துக் கொடுங்கள் என்று மனு எழுதலாம் என்றேன். எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பட்டியல் என் கையில் இருந்தது. யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று நான் முடிவு செய்யலாம். கடைமடைக்காரி என்ன செய்வாள்? தலைமடையில் தன் புருஷன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

உன் அப்பாவை நான் கேட்கவில்லை. சாயங்காலம் அவர் வந்ததும் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து ஒற்றினேன். அது என்ன காகிதம் என்று அவரும் கேட்கவில்லை. நான் நீட்டினால் சோறா காகிதமா என்று பார்க்காமல் கையை நீட்டுகிற மனுஷர் அவர். உங்கள் பெயர்தான் மேலே இருக்கிறது பாருங்கள் என்று அவருக்கு வாசித்துக்கூடக் காட்டினேன். சிரித்தார். "ஏளா, என்னைய மேல்மடைக்காரன் ஆக்கிப்புட்டியே" என்றார்.

மனு போன பத்தாம் நாள் மத்தியானமே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "முதுகு வலிக்கி. நாளைக்கி இருந்து உப்பளத்துக்குப் போலாம்னு பாக்கேன்" என்றார். நான் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டேன். மூன்று நாள் தேய்த்தேன். நாலாம் நாள் ரோசம்மாள்தான் வந்து என் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்கினாள். "அவுக முதுகுல ஒண்ணும் இல்ல. காண்டிராக்டர் ஆளுக மனுவைக் கையில வச்சுக்கிட்டு, முதல்ல போட்டவன் எவம்ல, அவன்தான் தூண்டிவிடுதவன்னு கேட்டு, லாரில இருந்து இறக்கி விட்டுட்டாவளாம். எங்க வீட்டுக்காரர் சொன்னாவ. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காவ."

இதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. முப்பது வருஷம் மனு எழுதினவளுக்கும் தெரியவில்லை. அவமானமாக இருந்தது. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது, முதலில் அந்த ஆட்கள் மேல், அப்புறம் என் மேல். உன் அப்பாவிடம் உண்மை தெரிந்துவிட்டது என்று நான் சொல்லவே இல்லை. அவர் சொன்ன பொய்யை அவருக்காகக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். உப்பளத்துப் பாத்தியில் அவர் கால் வெடித்ததும், வெள்ளை வெயிலில் கண் மங்கியதும் நீ பார்த்தவன். அந்தக் கண்ணோடுதான் அவர் போய்ச் சேர்ந்தார். துறைமுகத்தில் கூட வேலை பார்த்தவர்கள் பின்னால் நிரந்தரமானபோது, 'முதுகுவலி வராமல் இருந்திருந்தால் அப்பாவும் ஆகியிருப்பார்' என்று நீ ஒரு தடவை சொன்னாய். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். மருமகளிடம் எதையும் இப்படி மூடி வைக்காதே. மூடி வைத்தது கெட்டுப்போகாமல் இருக்க அது ஊறுகாய் இல்லை.

சரி, அதற்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டோமா? இரண்டாவது மனுவுக்கு எல்லாரும் மைதீன் அண்ணாச்சி கடையில் கூடினோம். அப்போது அது கடை இல்லை, நாலு கம்பும் ஒரு பாய்லரும். மனு எழுதி முடித்தாயிற்று, முதலில் யார் போடுவது என்றதும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். பக்கத்தில் சோறு வடித்துக்கொண்டிருந்த ரோசம்மாள் எழுந்து வந்து, கையிலிருந்த உலைமூடியைத் துடைத்துக் காகிதத்தின் மேல் கவிழ்த்தாள்.

"இதைச் சுத்திக் கோடு போடு. அந்தக் கோட்டச் சுத்தி எல்லாரு பேரையும் எழுது. எவன் முதல்ல, எவன் கடைசின்னு இனி அவங்க கண்டுபிடிக்கட்டும்."

அந்த மனுவை எடுத்துக்கொண்டு நாங்கள் பெண்கள் மட்டும் துறைமுக ஆபீஸுக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி காகிதத்தை ஒரு தடவை முழுசாகச் சுற்றிப் பார்த்தார். "இதுல யாரும்மா தலைவர்?" என்றார். ரோசம்மாள் சொன்னாள், "எங்கன ஆரம்பிச்சாலும் நாங்கதான் சார். சுத்திப் பாத்துக்கிடுங்க." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழாய் உடனே வந்துவிடவில்லை. அடி மேல் அடி அடித்தால்தானே அம்மியும் நகரும்? ஐந்தாவது வட்டத்துக்குத்தான் அடைப்பான் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு கோரைத்திட்டில் ஒருத்தர் பெயரைச் சொல்லி யாரும் வேலையை விட்டு இறக்கவில்லை.

அந்த உலைமூடியின் பானை பெருவெள்ளத்தில் கடலுக்குப் போய்விட்டது. ஐப்பசி கடைசியில் ஆறு மண்மேட்டை உடைத்துக்கொண்டு வந்தபோது உன்னை அப்பா தோளிலும், அடுப்பையும் மண்வெட்டியையும் நான் தலையிலும் வைத்துக்கொண்டு ஓடினோம். நகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்தார்கள். இனி அந்தத் திட்டுக்குத் திரும்பமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் வேறு இடம் பார்க்கலாம் என்றார்கள். ஒன்பதாம் நாள் நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். சேற்றில் மைதீன் அண்ணாச்சியின் கடைக் கம்பு ஒன்று நின்றது. அதில் அந்த மூடி தொங்கிக்கொண்டிருந்தது. "பானை போனா போவுது. மூடி இருக்குல்லா, ஊரு இருக்கு" என்றாள் ரோசம்மாள். அன்றிலிருந்து அது சோற்றுப் பானைக்குப் போகவில்லை, மனுவுக்கு மட்டும்தான்.

நீ உன் பெயரை முதன்முதலில் எழுதியது சிலேட்டில் இல்லை, மகனே. பள்ளிக்கூடம் கேட்டு எழுதிய மனுவில். படிக்கப் போகிறவர்களும் போடட்டும் என்று அண்ணாச்சி சொன்னார். உன் எழுத்து கோட்டில் நிற்காமல் வட்டத்துக்குள் சரிந்து விழுந்திருந்தது. அந்த மனுவின் இன்னொரு படி என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துத்தான் நீ டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனாய், காலேஜுக்குப் போனாய். அங்கே போனதும் எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் முத்தையாபுரம் என்று சொன்னாய். உன் சிநேகிதன் ஒருத்தன் முத்தையாபுரம் பூராவும் உன் வீட்டைத் தேடிவிட்டு வந்தானே, அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வருத்தமாகத்தான் இருந்தது. ஆற்றைக் கடக்கும் வரைக்கும்தானே அண்ணன் தம்பி என்று நினைத்துக்கொண்டு, அவனுக்கு மீன் குழம்பு ஊற்றினேன்.

இப்போது உன் காகிதத்தை மறுபடி பார். 'தற்காலிகமாக' என்று இருக்கிறது. உன்னைவிட நாலு வயது மூத்த தற்காலிகம் அது. 'குடிசை' என்று இருக்கிறது. ரேஷன் கடையும், பள்ளிக்கூடமும், மாதா குருசடியும், எங்கள் அம்மன் கோயிலும், பஸ் ஸ்டாப்பும் அந்தக் காகிதத்தில் எங்கே போயின? இருபத்தேழு வருஷம் இங்கே வளர்ந்தவன் டைப் அடிப்பவரைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அன்றைக்குக் காண்டிராக்டர் எங்கள் மனுவில் முதல் பெயரைத் தேடினார். இன்றைக்கு உன் பெரிய சார் முதல் பெயரை உண்டாக்கப் பார்க்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம். வட்டத்தை உடைக்க வெளியாள் யாராலும் முடியவில்லை என்று உள்ளே இருக்கிற பிள்ளையைப் பிடித்திருக்கிறார்கள். 'நீ முதல்ல போடு' என்கிற வார்த்தை இந்த வீட்டில் என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் கேட்டாய். அதனால்தான் உன் மேல் எனக்குக் கோபம் பாதிதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடையில் எல்லாரையும் கூட்டி அந்தக் காகிதத்தை வாசித்தேன். உன் கடிதத்தையும் வாசித்தேன். ஆமாம், பென்சில் குறியையும் காட்டினேன். கோபம் வந்தால் படு. அங்கே யாரும் உன்னைத் திட்டவில்லை. ரோசம்மாள், "பையன் பாவம். ஆபீஸ்ல நெருக்குதாவ போல" என்றாள். அப்புறம் மூடியை எடுத்து வந்தோம். இந்தத் திட்டு எங்கள் ஊர், இதை விட்டுப் போகச் சம்மதமில்லை, இங்கே என்னென்ன இருக்கிறது என்று வந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் எழுதினேன். ஒரு வட்டம் போதவில்லை. அதற்கு வெளியே இன்னொரு வட்டம், அதற்கும் வெளியே இன்னொன்று. ஆற்றில் கல் போட்டால் விரிவது மாதிரி விரிந்துவிட்டது. என் மூட்டுவலிக்கு மருந்து வாங்க நீ ஒழுங்காக அனுப்புகிறாய், உன்னை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வலிக்கிற மூட்டோடு கையெழுத்து வாங்க அத்தனை வீட்டுக்கும் நான்தான் போனேன்.

முதல் வட்டத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் ரோசம்மாள் ரேகை வைக்க வந்தபோது, கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு கேட்டாள்.

"ஏளா, மவன் பேரையும் எழுதிருவமா? நம்ம புள்ளதான? நீ எழுதுனா அவன் இல்லன்னா சொல்லுவான்?"

பேனா என் கையில்தான் இருந்தது. உன் பெயரை எழுத எனக்கு எத்தனை ஆசை என்று உனக்குச் சொன்னால் புரியாது. நான் சத்தம் போட்டுவிட்டேன். "எழுதாத! ஒரு மனுஷன் பேரைக் கேக்காம ஒரு தடவ எழுதிட்டேன். அது போதும்" என்றேன்.  முதல் மனுவில் உன் அப்பா பெயரை அவரைக் கேட்காமல்தான் எழுதினேன் என்று அத்தனை பேருக்கும் அப்போதுதான் தெரிந்தது. ரோசம்மாள் இரண்டு விரல் தள்ளித் தன் ரேகையை வைத்தாள்.

அந்த இரண்டு விரல் இடம் அப்படியே இருக்கிறது. நீ கேட்ட காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். பென்சில் குறியை நான் அழிக்கவில்லை. நீ போட்டது, நீயே அழி. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நாங்கள் எல்லாரும் வருகிறோம். வருகிற மனு எல்லாம் உன் மேசை வழியாகத்தான் மேலே போகும் என்று நீ பெருமையாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. இதுவும் உன் மேசைக்குத்தான் வரும்.

அதில் பெயர் எழுதினால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கல் லாரியிலிருந்து ஒரு மனுஷனை இறக்கி விட்டால் என்ன ஆகும் என்று பார்த்தவள் நான். அதனால் எழுது என்று சொல்ல மாட்டேன். எழுதாவிட்டாலும் நீ என் மகன்தான், வந்தால் சோறு உண்டு, மீன் குழம்பு உண்டு. ஆனால் எழுதாமல் மேலே அனுப்பினால் அந்த ஓட்டையோடுதான் போகும். அதை நான் வேறு பெயர் போட்டு அடைக்க மாட்டேன். உன் அப்பா பெயரை நான் கேட்காமல் எழுதினேன். உன்னைக் கேட்கத்தான் இடம் விட்டிருக்கிறேன்.

அம்மா
கோரைத்திட்டு